யாரும் வேண்டாம் என்ற விமானம், உடைத்துப் போட்ட விமானம்... இந்தியாவின் குண்டுவீச்சுப் படை திருச்சியில் தொடங்கி தஞ்சாவூர் வந்த கதை

வீக்எண்ட் கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை வருபவர்கள், செங்கம் ரோட்டில் டீ குடிக்கும் நேரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். போனில் மேப்பைத் திறந்து, ரமணாசிரமத்தின் மேல் விரலை வைத்து, நேராகத் தெற்கே போய்க்கொண்டே இருங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் வரும். அரியலூர் வரும். கொள்ளிடமும் காவிரியும் தாண்டும். சுமார் 165 கி.மீ. முடியும் இடத்தில், தஞ்சாவூருக்கு வெளியே புதுக்கோட்டை ரோட்டில், ஒரு விமானப்படைத் தளம் தெரியும்.

பஸ்ஸில் போனால் இந்தத் தூரத்துக்குப் பாதி நாள் போய்விடும். அந்தத் தளத்து விமானங்கள் சுமக்கும் பிரம்மோஸ் ஏவுகணைக்கு இது ஏறக்குறைய மூன்று நிமிட வேலை.

அங்கே இருப்பது இந்திய விமானப்படையின் 222-வது ஸ்குவாட்ரன். செல்லப்பெயர் ‘டைகர் ஷார்க்ஸ்’. தென்னிந்தியாவின் முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன் என்று 2020 ஜனவரி 20-ம் தேதி, அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் விமானப்படைத் தளபதி பதௌரியாவும் வந்து தொடங்கி வைத்தார்கள். ‘தஞ்சைக்கு சுகோய் வந்தாச்சு’ என்ற அளவில் அந்தச் செய்தி முடிந்துபோனது. ஆனால் அதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது.

இந்திய விமானப்படையிடம் இன்று ‘குண்டுவீச்சு விமானம்’ என்ற பெயரில் ஒன்றுகூட இல்லை. 2007-லேயே கடைசி விமானத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள். ஆனால் தூரமாகப் போய், பெரிய இலக்கை ஒரே அடியில் உடைத்துவிட்டுத் திரும்புவது என்ற அந்தப் பழைய வேலை அப்படியேதான் இருக்கிறது. அதை இப்போது செய்யும் ஸ்குவாட்ரன்களில் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. அதே வேலைக்காக இந்தியர்களைக் கொண்டு அமைத்த முதல் ஸ்குவாட்ரன்களில் ஒன்று பிறந்ததோ, அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருச்சியில்.

முதலில், ஸ்குவாட்ரன் என்றால் என்ன?

பொதுவாக 16 முதல் 18 விமானங்கள், அவற்றை ஓட்டுபவர்கள், பராமரிப்பவர்கள் என எல்லோரும் சேர்ந்த ஒரு அணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு சின்னம், ஒரு பெயர். விமானம் மாறும், ஊர் மாறும், ஆட்கள் மாறுவார்கள். எண் மாறாது. பல்லவன் எக்ஸ்பிரஸ் பெட்டிகளை எத்தனை முறை மாற்றினாலும் அது பல்லவன்தானே, அந்த மாதிரி.

விமானங்கள் வயதாகி ஓய்வு பெற்று, மாற்று விமானம் கைக்கு வரவில்லை என்றால் அந்த எண்ணை எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுவார்கள். பிறகு புது விமானம் வரும்போது அதே எண்ணுக்கு உயிர் கொடுப்பார்கள். 222-க்கு நடந்தது அதுதான். 1969 செப்டம்பர் 15-ல் சுகோய்-7 விமானங்களோடு பிறந்தது, 1985-ல் மிக்-27-க்கு மாறியது, 2011-ல் நிறுத்தப்பட்டது. ஒன்பது வருடம் கழித்துத் தஞ்சையில் கண் விழித்தது.

போர் விமானத்துக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கும் என்ன வித்தியாசம்? போர் விமானம் இன்னொரு விமானத்தோடு சண்டை போடும், வளைந்து நெளிந்து தப்பிக்கும். குண்டுவீச்சு விமானம் அப்படியில்லை. பெரிய வயிறு, நிறைய எரிபொருள், நீண்ட பயணம். சண்டை போடுவது அதன் வேலையே இல்லை.

1942: திருச்சியில் ஒரு டிசம்பர்

1942 ஏப்ரலில் தமிழ்நாடு நடுங்கியது. ஏப்ரல் 5-ல் கொழும்பு, 6-ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ல் திரிகோணமலை என ஜப்பானியக் கடற்படை விமானங்கள் வரிசையாகக் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று நினைத்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன.

அதுவரை கிழக்குக் கடற்கரைக்குக் காவல் என்று இருந்தவை, பழைய விமானங்களை வைத்துக்கொண்டு கடலைச் சுற்றிப் பார்க்கும் சின்னச் சின்ன ‘கடற்கரைக் காவல்’ பிரிவுகள். அந்த வருடக் கடைசியில் அவை கலைக்கப்பட்டன. 1942 டிசம்பர் 1-ம் தேதி ஒரே நாளில் இரண்டு புது ஸ்குவாட்ரன்கள் உருவாயின. விசாகப்பட்டினத்தில் 7-வது. திருச்சியில் 8-வது.

இரண்டுக்கும் கொடுக்கப்பட்டது வல்ட்டி வெஞ்சன்ஸ் என்ற அமெரிக்க விமானம். ‘பழிவாங்கல்’ என்று பெயர். கேட்க கெத்தாக இருந்தாலும், அதன் பின்னணி கொஞ்சம் பரிதாபமானது. இதை முதலில் ஆர்டர் செய்தது பிரான்ஸ். விமானம் கைக்கு வருவதற்குள் பிரான்ஸே ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. ஆர்டரை பிரிட்டன் எடுத்துக்கொண்டது. ஆனால் ஐரோப்பாவில் இதை ஓட்ட பிரிட்டனுக்கும் தைரியம் வரவில்லை. செங்குத்தாகப் பாயும் விமானங்கள் எதிரிப் போர் விமானங்களிடம் சுலபமாக மாட்டும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. தயாரித்த அமெரிக்காவோ தன் சொந்தப் போர்களில் இதைப் பயன்படுத்தவே இல்லை. ஆஸ்திரேலியா வாங்கி, 1944-ல் களத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

மிச்சம் இருந்த இடம் பர்மா எல்லை. அங்கே அனுப்பப்பட்டன.

அங்கே நடந்ததுதான் ஆச்சரியம். வெஞ்சன்ஸின் இறக்கை, உடலோடு எந்தச் சாய்வும் இல்லாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் சாதாரணமாகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு விகாரமாகப் போகும். ஆனால் செங்குத்தாகக் கீழே பாயும்போது அதே வடிவமைப்பு வரமாக மாறிவிடும். விமானம் இப்படி அப்படி நழுவாமல் நேர்கோட்டில் இறங்கும். குண்டு குறி தவறாது. அடர்ந்த காட்டுக்குள் பதுங்குகுழி தோண்டி ஒளிந்திருக்கும் எதிரியை அடிக்க இதைவிடத் தோதான விமானம் அப்போது அங்கே இல்லை. ஒரு பைலட், பின்னால் ஒரு நேவிகேட்டர் என்று இரண்டே பேர்.

8-வது ஸ்குவாட்ரன் 1943 டிசம்பரில் சிட்டகாங் பக்கம் போய் அரக்கான் போர்முனையில் இறங்கியது. 7-வது, 1944-ல் இம்பால்–கோஹிமா சண்டையின்போது பறந்தது. 1944 நடுவில் வெஞ்சன்ஸ்கள் களத்திலிருந்து எடுக்கப்பட்டன. 8-வதுக்கு ஸ்பிட்ஃபயர் கிடைத்தது. திருச்சியில் பிறந்த அந்த 8-வது ஸ்குவாட்ரன் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓட்டுவதும் சுகோய்-30 தான்.

கான்பூரில் ஒரு விமானக் குப்பை

இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது. 1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை தொடங்கியபோது, இந்தியாவிடம் ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்கூட இல்லை. சரக்கு ஏற்றும் டகோட்டா விமானங்களில் குண்டுகளை அடுக்கி, பறக்கும்போது கதவு வழியாகக் கையால் உருட்டிவிட்ட சம்பவங்கள் உண்டு. படத்தில் வந்தால் ‘ஓவர்’ என்று சொல்வோம். நிஜத்தில் நடந்தது.

அதே நேரத்தில் கான்பூர் சகேரி விமானத் தளத்தில், வரிசை வரிசையாக பி-24 லிபரேட்டர் விமானங்கள் கிடந்தன. நான்கு எஞ்சின், 33 மீட்டருக்கு மேல் நீளும் இறக்கை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மற்ற எந்த ராணுவ விமானத்தையும்விட அதிகமாக, 18,000-க்கும் மேல் தயாரித்தது இதைத்தான். அவற்றைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது ‘லெண்ட்-லீஸ்’ என்ற இரவல் ஒப்பந்தத்தில். போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் பயன்படாமல் அழிக்க வேண்டும். அத்தனை விமானங்களை அமெரிக்கா வரை ஓட்டிப் போவதில் யாருக்கும் லாபம் இல்லை. எனவே பிரிட்டிஷ் விமானப்படை, கிளம்புவதற்கு முன் அவற்றைப் பறக்க முடியாதபடி சிதைத்துவிட்டுப் போனது. லாரியை மோதவிட்டார்கள், எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிகளை அடித்து நொறுக்கினார்கள் என்று விமானப்படை வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

இந்தக் குப்பையிலிருந்து ஒரு படையை உருவாக்க முடியுமா என்ற கேள்வி பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தது. இன்றைய எச்ஏஎல். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசோடு சேர்ந்து 1940-ல் தொடங்கிய நிறுவனம். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் அந்த இடத்தையே தங்கள் விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாக எடுத்துக்கொண்டதால், அங்கிருந்த இந்தியத் தொழிலாளர்களுக்கு லிபரேட்டரின் உள்ளும் புறமும் தெரியும். அமெரிக்கர்கள் போனார்கள், கைவேலை இங்கேயே தங்கிவிட்டது.

செய்தது என்ன? கான்பூருக்குப் போய், கிடந்தவற்றில் தேறுகிறவற்றைப் பொறுக்கினார்கள். ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் சக்கரம், மூன்றாவதின் கருவி என்று சேர்த்து, ஒரே ஒரு பயணத்துக்குத் தாங்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். முழுப் பழுதுபார்ப்பை பெங்களூருவில்தான் செய்ய முடியும். அதற்கு அங்கே பறந்துதான் வர வேண்டும். இடையில் ஏறக்குறைய 1,500 கி.மீ.

அந்த ஒட்டுப்போட்ட விமானங்களை ஓட்டிவந்தவர் எச்ஏஎல்-லின் டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி. ஒன்று இரண்டல்ல; ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்பப் போய். எந்த போல்ட் எப்போது கழலும் என்று தெரியாத விமானத்தில் ஒரு தடவை ஏறுவதே பெரிய விஷயம். அவர் பெயரில் ஒரு வெப் சீரிஸ்கூட இன்னும் வராதது நியாயமே இல்லை.

1948 நவம்பர் 2-ம் தேதி, இப்படி மீண்ட முதல் சில லிபரேட்டர்களோடு கான்பூரிலேயே 5-வது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. ‘டஸ்கர்ஸ்’, அதாவது கொம்பன் யானைகள். சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன், அடுத்தவர் உடைத்துப் போட்டதிலிருந்து எழுந்தது. எச்ஏஎல் மீட்டெடுத்தவை மொத்தம் 40 விமானங்கள் அளவுக்கு வரும். பிறகு 6-வது ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்காக லிபரேட்டர்களை வாங்கிக்கொண்டது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968 டிசம்பரில். அமெரிக்கா தன் லிபரேட்டர்களைப் பெரும்பாலும் உருக்கி அலுமினியமாக்கி இருபது வருடம் கழித்து.

அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. லிபரேட்டர் வேண்டும் என்று உலக மியூசியங்கள் தேடியபோது, நல்ல நிலையில் இருந்தவை இந்தியாவில்தான் இருந்தன. 1968-ல் கனடா ஒரு பழைய லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு லிபரேட்டரை வாங்கிப்போனது. அந்த லைசாண்டரை டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் பார்க்கலாம். 1969-ல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் பறந்தது. 1974-ல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் மியூசியத்துக்கே பரிசாகப் போனது. உடைத்துவிட்டுப் போனவர்களுக்கு ஒட்டவைத்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி!

கான்பெரா: காங்கோ முதல் கார்கில் வரை

1957 ஜனவரியில் இந்தியா முதன்முறையாக, கடையில் புதிதாக வாங்குவதுபோல் ஒரு குண்டுவீச்சு விமானத்தை வாங்கியது. பிரிட்டனின் கான்பெரா ஜெட். ‘ரஷ்யாவின் இல்யூஷின்-28 வாங்கலாமா’ என்று டெல்லி யோசிக்கத் தொடங்கியதும் லண்டன் வேகமாக இறங்கிவந்தது என்பது அந்த டீலின் பின்கதை. மொத்தம் 68 விமானங்கள். 5-வது ஸ்குவாட்ரன் லிபரேட்டரை விட்டு ஆக்ராவில் கான்பெராவுக்கு மாறியது.

1961-ல் அதே ஸ்குவாட்ரனின் ஆறு கான்பெராக்கள் ஐ.நா. படைக்காக ஆப்பிரிக்காவின் காங்கோவுக்குப் போயின. கட்டாங்கா பிரிவினைப் படையின் கோல்வேசி விமானத் தளத்தை டிசம்பரில் தாக்கின. ஐ.நா. கொடியின் கீழ் இந்திய விமானங்கள் குண்டு வீசியது பாடப்புத்தகத்தில் பெரிதாக வராத சங்கதி.

அதே டிசம்பர், 18-ம் தேதி, கோவா. 12 கான்பெராக்கள் டபோலிம் ஓடுதளத்தின் மேல் கொட்டிய குண்டுகளின் எடை 63,000 பவுண்டு, சுமார் 28 டன். கட்டடங்களைத் தொடக் கூடாது என்று உத்தரவு. தொடவில்லை. ஆனால் அன்று இரவே போர்த்துகீசியர்கள் ஓடுதளக் குழிகளை அவசரமாக நிரப்பி, இரண்டு பயணிகள் விமானங்களைக் கிளப்பிக்கொண்டு கராச்சிக்குத் தப்பிவிட்டார்கள். 28 டன் கொட்டியும் ஒரு ஓடுதளத்தை ஒரு ராத்திரிக்கு மூட முடியவில்லை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தஞ்சாவூர் வரும்போது தேவைப்படும்.

1965 போரில் இன்னொரு விநோதம். இந்தியாவின் கான்பெரா இரவில் பாகிஸ்தான் தளங்களுக்குப் போகும். பாகிஸ்தானின் பி-57 இரவில் இந்தியத் தளங்களுக்கு வரும். பி-57 என்பது வேறொன்றுமில்லை, அமெரிக்கா உரிமம் வாங்கித் தயாரித்த அதே கான்பெரா. ஒரே விமானத்தின் இரண்டு வாரிசுகள், எதிரெதிர்த் திசையில். அந்தப் போரிலும் 1971 போரிலும் கான்பெரா தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய பத்மநாப கௌதமுக்கு மகாவீர் சக்ரா இரண்டு முறை கிடைத்தது. இரண்டு போர்களில் உயிரோடு திரும்பியவர், 1972-ல் ஒரு மிக்-21 விபத்தில் இறந்தார்.

5-வது ஸ்குவாட்ரன் 1981-ல் ஜாகுவாருக்குப் போய்விட்டது. கான்பெராக்கள் மெல்ல மெல்லப் படம் எடுக்கும் வேலைக்கு ஒதுங்கின. 1999 மே 21-ல் கார்கில் மேல் படம் எடுக்கப் போன ஒரு கான்பெராவின் எஞ்சினை ஏவுகணை தாக்கியது. அதை ஓட்டிய ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பெருமாள், மிச்சமிருந்த ஒரே எஞ்சினில் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். 2007 மே 11-ல் ஆக்ராவில் கான்பெராவுக்குப் பிரியாவிடை. அப்போது அதற்கு வயது 50.

அப்புறம் யார் அந்த வேலையைச் செய்வது?

புதிதாகக் குண்டுவீச்சு விமானம் வாங்கவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா என மூன்றே நாடுகள்தான் இன்று பெரிய குண்டுவீச்சு விமானப் படை வைத்திருக்கின்றன. விலையும் பராமரிப்பும் அப்படி. இந்தியா எடுத்த வழி, வழக்கம்போல, கையில் இருந்ததை மாற்றுவது.

பிரம்மோஸ் ஏவுகணை தரையிலும் கப்பலிலும் ஏற்கெனவே இருந்தது. எடை 3 டன். விமானத்துக்காக அதை இரண்டரை டன்னாகக் குறைத்தார்கள். ஆனாலும் சுகோய்-30 அப்படியே சுமக்க முடியாது. வயிற்றுப் பகுதியைப் பலப்படுத்தி, மின்னணு அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? கான்பூர் குப்பையில் லிபரேட்டர் பொறுக்கிய அதே எச்ஏஎல். சுமார் 40 விமானங்களுக்கு இந்த மாற்றம் என்று திட்டமிடப்பட்டது.

இயங்கும் விதம் எளிது. விமானம் ஏவுகணையை முதலில் வெறுமனே கீழே விடும். விழும்போதே அதன் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பிறகு ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகம். 2017 நவம்பர் 22-ல் வங்காள விரிகுடாவில் ஒரு கப்பல் இலக்கின் மேல் முதல் சோதனை வெற்றி பெற்றது.

அதன் ஆரம்பகாலத் தூரம் 290 கி.மீ. ஏன் 300 இல்லை? 300 கி.மீ. தாண்டிப் போகும் ஏவுகணையைப் பகிரக் கூடாது என்ற சர்வதேசக் கட்டுப்பாடு. ரஷ்யாவோடு கூட்டாகச் செய்ததால் 290-ல் நிறுத்தினார்கள். 2016-ல் இந்தியா அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பிலேயே உறுப்பினரான பிறகு தூரம் கூடியது. நீட்டிக்கப்பட்ட பதிப்பை 2022 மே மாதம் சுகோயிலிருந்து ஏவிப் பார்த்தார்கள். 290 என்பது எவ்வளவு என்று புரிய வேண்டுமா? தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது கோவா கணக்குக்கு வருவோம். அன்று 12 விமானங்கள் இலக்கின் நேர் மேலே போய் 28 டன் கொட்ட வேண்டியிருந்தது. இன்று ஒரு விமானம், இலக்கின் பக்கமே போகாமல், ஒரு ஏவுகணையோடு திரும்பிவிடும். பெரிய வயிறு தேவையில்லாமல் போனது இதனால்தான்.

ஏன் தஞ்சாவூர்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அங்கே ஏற்கெனவே இருந்தது. விரிவாக்கப்பட்ட தளத்தை 2013 மே 27-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி திறந்தார். பயணிகள் விமானம் எப்போது வரும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்க, போர் விமானங்கள் முந்திக்கொண்டன.

உண்மையான காரணம் கடல். தஞ்சையிலிருந்து வங்காள விரிகுடா, பாக் நீரிணை, இந்தியப் பெருங்கடல் மூன்றுமே எட்டும் தொலைவு. 2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றது. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ ஆய்வுக் கப்பல் அங்கே வந்தபோது டெல்லியும் தமிழ்நாடும் பதறியது நினைவிருக்கலாம். உலகக் கச்சா எண்ணெய் ஓட்டத்தின் பெரும்பங்கு இலங்கைக்குத் தெற்கே உள்ள கடல்வழியில்தான் போகிறது. சுகோய் இடையில் எரிபொருள் நிரப்பாமலே 3,000 கி.மீ. பறக்கும். அதன் நுனியில் ஏவுகணையின் தூரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இழப்பும் இருக்கிறது, அதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. குண்டுவீச்சு வேலையைப் போர் விமானம் செய்தால், அந்த நேரத்தில் போர் விமானத்தின் வேலைக்கு ஒன்று குறைகிறது. இரண்டரை டன் ஏவுகணையை வயிற்றில் கட்டிக்கொண்டு போகும் சுகோயால் வளைந்து நெளிந்து சண்டை போட முடியாது. அதற்குத் துணையாக வேறு விமானங்கள் வர வேண்டும். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பர் 26-ல் கடைசி மிக்-21-களும் ஓய்வு பெற்ற பிறகு கையில் இருந்தவை 29. இருக்கும் ஒவ்வொரு விமானமும் இரண்டு வேலை பார்க்க வேண்டிய நிலை.

எடையை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் ‘பிரம்மோஸ்-என்ஜி’ ஏவுகணை இப்போது உருவாக்கத்தில் இருக்கிறது. வந்துவிட்டால் சிறிய தேஜஸ்கூட அதைச் சுமக்கலாம் என்பது திட்டம். அதுவரை தஞ்சாவூரில் கணக்கு எளிது: ஒரு சுகோய், இரண்டு பேர், ஒரே ஒரு ஏவுகணை.